நாற்பது கணினிகளுக்கு ஒரே அடையாளம்

நமது கல்லூரியின் எந்த வகுப்பிலும் இடாப்புக் கூப்பிடும்போது "பாத்திமா" என்று மட்டும் அழைத்தால் ஐந்தாறு பேராவது எழுந்து நிற்பார்கள். அதனால்தான் பாடசாலையில் சேரும் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு சேர்விலக்கம் வழங்கப்படுகிறது. பொதுப் பரீட்சைக்குத் தோற்றும்போது சுட்டெண் கிடைக்கிறது. பின்னர் தேசிய அடையாள அட்டை இலக்கம் வந்து சேர்கிறது. பெயர் அழைப்பதற்கு உதவுகிறது. இலக்கமோ ஆளை மயக்கமின்றி இனங்காண உதவுகிறது. ஒரே சுட்டெண் இரு மாணவிகளுக்கு வழங்கப்பட்டால் பெறுபேறு யாருக்கு உரியது என்பதை எவ்வாறு தீர்மானிப்பது?

கணினிகளின் உலகிலும் இதே ஏற்பாடு உண்டு. நான் இக்கல்லூரியில் கற்று வெளியேறி, தற்போது கணினி வலையமைப்புகளைப் பராமரிக்கும் தொழிலில் இருக்கிறேன். அண்மைக் காலமாக என்னைத் தேடி வரும் முறைப்பாடுகளில் ஒரு வகை, பல கணினிகள் ஒரே அடையாள இலக்கத்தைச் சுமந்துகொண்டிருப்பதால் எழுவது. கணினி ஆய்வுகூடம் உள்ள எந்தப் பாடசாலைக்கும் இது நேரக்கூடும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவிகளுக்கும், பிள்ளைகளுக்குக் கணினி வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் இதனை விளக்க விரும்புகிறேன்.

பெயரையல்ல, இலக்கத்தையே பார்க்கும் கணினி

1993 இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி. தொடக்கம் இன்றைய விண்டோஸ் 11 வரை, இப்பணிசெயல் முறைமை ஒவ்வொரு பயனரையும் ஒரு பாதுகாப்பு அடையாள இலக்கத்தால் இனங்காண்கிறது. இதனைச் சுருக்கமாக எஸ்.ஐ.டி. என்பர். அதன் தோற்றத்தைக் காட்ட, உதாரணமாக நானே அமைத்த ஓர் இலக்கம் இது:

எஸ்-1-5-21-2718403915-1046229387-3350917264-1001

பார்க்கப் பயமாக இருந்தாலும் இதன் அமைப்பு நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் போன்றதே. 12 இலக்கங்கள் கொண்ட அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பது. பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். எஞ்சியவை தொடரிலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும் ஆகும். எஸ்.ஐ.டி.யும் இவ்வாறே பகுதி பகுதியாகப் பொருள் தருவது.

தொடக்கத்திலுள்ள "எஸ்" இது ஓர் அடையாள இலக்கம் என்பதைக் குறிக்கும். "1" இந்த முறையின் பதிப்பு. "5" இலக்கத்தை வழங்கும் அதிகாரம், அதாவது விண்டோஸின் பாதுகாப்புப் பகுதி. "21" என்பது, இனி வருவது ஒரு குறிப்பிட்ட கணினிக்கோ கணினிக் குழுவுக்கோ உரிய இலக்கம் என்று அறிவிக்கிறது. அடுத்து வரும் மூன்று பெரிய எண்களே கணினியின் அடையாளம். விண்டோஸ் நிறுவப்படும் வேளையில் இவை எழுமாறாக உருவாக்கப்படுகின்றன. கடைசி எண் அக்கணினியில் உள்ள பயனரைக் குறிக்கும். நிருவாகிக்கு எப்போதும் 500, விருந்தினர் கணக்குக்கு 501. நாம் உருவாக்கும் பயனர்களுக்கு 1000 இலிருந்து மேல்நோக்கி வழங்கப்படும்.

அந்த மூன்று எண்களில் ஒவ்வொன்றும் 429 கோடிக்கு மேற்பட்ட பெறுமானங்களில் ஒன்றாக இருக்கலாம். மூன்றையும் சேர்த்தால் கிடைக்கக்கூடிய சேர்மானங்களின் எண்ணிக்கை 2 இன் 96 ஆம் அடுக்கு. எழுதினால் 29 இலக்கங்கள் கொண்ட எண். ஆகவே தனித்தனியாக விண்டோஸ் நிறுவப்பட்ட இரு கணினிகளுக்குத் தற்செயலாக ஒரே இலக்கம் அமைவதற்கான நிகழ்தகவு நடைமுறையில் பூச்சியம் எனலாம்.

கணினி பெயரைப் பொருட்படுத்துவதில்லை என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. "ரிஸ்னா" என்ற கணக்குக்கு மட்டும் அனுமதி வழங்கிய ஒரு கோப்புறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கின் பெயரை "சப்னா" என்று மாற்றினாலும் அக்கோப்புறை முன்போலவே திறக்கும். ஆனால் அக்கணக்கை அழித்துவிட்டு, "ரிஸ்னா" என்ற அதே பெயரில் புதிய கணக்கொன்றை உருவாக்கினால் கோப்புறை திறக்காது. பெயர் ஒன்றுதான், கடைசி எண் புதியது. ஒருமுறை வழங்கிய எண்ணை அக்கணினி வேறொருவருக்கு மீண்டும் வழங்குவதில்லை. கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் எழுதப்பட்டிருப்பது பெயரல்ல, எஸ்.ஐ.டி. இலக்கமே.

பிரதி எடுக்கும்போது நடப்பது

ஓர் ஆய்வுகூடத்துக்கு நாற்பது கணினிகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் விண்டோஸ், தமிழ் எழுத்துருக்கள், அலுவலக மென்பொருள், அச்சுப்பொறிக்குரிய மென்பொருள் என எல்லாவற்றையும் நிறுவ மூன்று மணித்தியாலம் என்று கொண்டால், மொத்தம் 120 மணித்தியாலம் வேண்டும். எனவே தொழினுட்பவியலாளர் ஒரு கணினியை மட்டும் முழுமையாகத் தயார்செய்து, அதன் வன்தட்டை அப்படியே மற்றவற்றுக்குப் பிரதி செய்வார். இதனைக் "குளோன்" எடுத்தல் என்பர். இது நல்ல முறைதான். உலகெங்கும் பெரிய நிறுவனங்கள் இவ்வாறே செய்கின்றன.

சிக்கல் என்னவெனில், பிரதி எடுக்கும் கருவிக்கு எதை விட வேண்டும் என்பது தெரியாது. எழுத்துருவும் மென்பொருளும் போய்ச் சேர்வதுபோலவே முதற் கணினியின் எஸ்.ஐ.டி.யும் போய்ச் சேர்கிறது. வலையமைப்பு அட்டையின் இலக்கம் வன்பொருளில் இருப்பதால் அது கணினிக்குக் கணினி வேறாகவே இருக்கும். ஆனால் வன்தட்டில் எழுதப்பட்ட அடையாளங்கள் யாவும் நாற்பதிலும் ஒன்றாகிவிடும்.

இவற்றுட் சில உடனேயே தொல்லை தருவன. கணினியின் பெயர் ஒன்றாக இருந்தால் வலையமைப்பில் மோதல் ஏற்படும். இதனைப் பெரும்பாலும் உடனே கவனித்து மாற்றிவிடுவார்கள். நிறுவனமொன்றின் கணினிகளுக்கு இற்றைப்படுத்தல்களை ஓரிடத்திலிருந்து வழங்கும் சேவையகம், ஒவ்வொரு கணினியையும் தனியானதோர் இலக்கத்தால் இனங்காணும். அவ்விலக்கமும் பிரதியானால், நாற்பது கணினிகளும் அச்சேவையகத்தின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். எந்தக் கணினி இற்றைப்படுத்தப்பட்டது, எது விடுபட்டது என்பதை அறிய முடியாது. பெரிய நிறுவனங்களில் விண்டோஸைச் செயற்படுத்தும் கே.எம்.எஸ். எனும் சேவையகம், குறைந்தது 25 கணினிகள் தன்னை நாடிய பின்னரே அனுமதி வழங்கத் தொடங்கும். நாற்பது கணினிகளும் ஒரே இலக்கத்துடன் சென்றால் அது "ஒன்று" என்றே எண்ணும்.

பதினாறு ஆண்டு அமைதி

எஸ்.ஐ.டி. ஒன்றாக இருப்பதால் என்ன கேடு? இக்கேள்விக்கு நீண்ட காலம் சரியான விடை இருக்கவில்லை. இது பாதுகாப்புக்கு ஆபத்து என்று பலரும் நம்பினர். மார்க் ருசினோவிச், பிரைஸ் கொக்ஸ்வெல் ஆகிய இருவரும் 1997 இல், பிரதி எடுத்த கணினிக்குப் புதிய எஸ்.ஐ.டி. வழங்கும் சிறு மென்பொருளொன்றை ஆக்கினர். "நியூசிட்" எனப்பட்ட அதனை உலகெங்கும் கணினி நிருவாகிகள் பயன்படுத்தினர். 2006 இல் இவர்களது நிறுவனத்தை மைக்ரோசொப்ட் வாங்கியது.

2009 நவம்பரில் ருசினோவிச் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். தாம் ஆக்கிய நியூசிட் மென்பொருளைத் தாமே விலக்கிக்கொண்டார். எஸ்.ஐ.டி. இரட்டிப்பு ஆபத்தானது என்பது வெறும் கட்டுக்கதை என்று விளக்கமாக எழுதினார். அவருடைய நியாயம் இதுதான்: நீங்கள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றின் பகிரப்பட்ட கோப்புறையைத் திறக்கும்போது, அந்த மற்றைய கணினி உங்களது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தன்னிடமுள்ள கணக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. உங்கள் கணினியின் எஸ்.ஐ.டி. அங்கே கேட்கப்படுவதே இல்லை. கேட்கப்படாத இலக்கம் ஒன்றாக இருந்தால் என்ன, வேறாக இருந்தால் என்ன?

எனினும் ஒரு விதிவிலக்கை அவர் குறிப்பிட்டார். பெரிய நிறுவனங்களில் எல்லாக் கணினிகளையும் "டொமைன்" எனப்படும் ஒரே நிருவாகத்தின் கீழ்க் கொண்டுவருவர். அந்நிருவாகத்தை ஏற்கும் முதற் சேவையகத்தின் எஸ்.ஐ.டி.யே முழுக் குழுவுக்கும் உரிய இலக்கமாகிறது. அதே இலக்கத்தைக் கொண்ட பிரதிக் கணினி அக்குழுவில் சேர முடியாது.

இன்னொரு சிறு விளைவும் உண்டு. கோப்புகளுக்கு அனுமதி வைக்கும் முறையில் அமைந்த வெளிவன்தட்டில், முதற் கணினியின் 1001 ஆம் பயனர் தமக்கு மட்டும் என்று பூட்டிய கோப்பை, பிரதிக் கணினியின் 1001 ஆம் பயனர் தடையின்றித் திறக்கலாம். அவர்கள் வேறு ஆட்களாக இருந்தாலும் இலக்கம் முழுவதும் ஒன்றுதானே. ஆனால் நிருவாகி அதிகாரம் உள்ள எவரும் அப்பூட்டை எப்படியும் நீக்கலாம் என்பதால், இதனைப் பெரிய ஓட்டையாக எவரும் கொள்ளவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டுக்கதை என்று சொன்ன ருசினோவிச்சும், பிரதி எடுக்கும் முன் மைக்ரோசொப்டின் உரிய கருவியைப் பயன்படுத்தத் தேவையில்லை என்று சொல்லவில்லை. மைக்ரோசொப்டின் விதியும் மாறவில்லை. ஆனால் கேட்டவர்களிற் பலர் முதற்பாதியை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டனர். "ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கையில் நேரடியாகப் பிரதி எடுக்கும் பழக்கம் கடைகளிலும் நிலையங்களிலும் ஊறிப்போனது.

2025 இல் வந்த மாற்றம்

2025 ஆகஸ்ட் 29 முதல் வெளியான இற்றைப்படுத்தல்களில் மைக்ரோசொப்ட் பாதுகாப்பைக் கூட்டும் நோக்கில் புதிய சரிபார்ப்பொன்றைச் சேர்த்தது. விண்டோஸ் 11 இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளும் விண்டோஸ் சேர்வர் 2025 உம் இதற்கு உட்பட்டவை. இக்கணினிகள் வலையமைப்பில் ஒன்றையொன்று நாடும்போது இப்போது எஸ்.ஐ.டி.யையும் பார்க்கின்றன. இருபுறமும் ஒரே இலக்கம் இருந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் அனுமதி மறுக்கப்படும். அதுவரை கேட்கப்படாத கேள்வி கேட்கப்படலாயிற்று.

அதே ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதி விண்டோஸ் 10 இற்கான வழமையான இலவச ஆதரவும் முடிவடைந்தது. விண்டோஸ் 11 இற்கு மாறும் அவசரத்தில் ஒரு கணினியைத் தயார்செய்து மற்றவற்றுக்குப் பிரதி எடுத்த இடங்களிலேயே இச்சிக்கல் வெளிப்பட்டது.

அப்படியான ஒரு பயிற்சி நிலையத்துக்கு நான் அழைக்கப்பட்டேன். அங்கே 24 கணினிகள். அவற்றுள் ஒன்றிலுள்ள பகிரப்பட்ட கோப்புறையிலேயே பயிலுநர்கள் தமது செயற்றிட்டங்களைச் சேமித்து வந்தனர். ஒரு நாள் காலை எந்தக் கணினியிலிருந்தும் அக்கோப்புறை திறக்கவில்லை. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டது. சரியாகக் கொடுத்தாலும் ஏற்கவில்லை. முதல் நாள் மாலை அக்கணினியைக் கடைசியாகப் பயன்படுத்திய மாணவியின் மீது பழி விழுந்தது. அவள்தான் கடவுச்சொல்லை மாற்றியிருக்க வேண்டும் என்றனர். "நான் ஒன்றும் செய்யவில்லை டீச்சர்" என்று அவள் சொன்னதை எவரும் நம்பவில்லை. அதற்கிடையில் கேபிள் மாற்றப்பட்டது, வைரஸ் தேடப்பட்டது, கடவுச்சொல்லும் மூன்று முறை புதிதாக வைக்கப்பட்டது.

எனக்கு வழிகாட்டியது போதனாசிரியை சொன்ன ஒரு சிறு தகவல். அவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் மடிக்கணினியில் மட்டும் அதே கடவுச்சொல்லால் கோப்புறை திறந்தது. வெளியே இருந்து வந்த கணினிக்குக் கதவு திறக்கிறது. உடன்பிறந்த இருபத்துமூன்றுக்கும் மூடியிருக்கிறது. கடவுச்சொல்லில் பிழை இருந்தால் எல்லோருக்கும் அல்லவா மூடியிருக்க வேண்டும்? இரண்டு கணினிகளின் எஸ்.ஐ.டி.யை எடுத்து அருகருகே எழுதிப் பார்த்தேன். மூன்று பெரிய எண்களும் ஒன்றாகவே இருந்தன. கணினியின் நிகழ்வுப் பதிவேட்டில், இயந்திர அடையாளம் பொருந்தவில்லை என்று கூறும் 6167 ஆம் இலக்கக் குறிப்பும் இருந்தது.

கோப்புறை இருந்த கணினியிலுள்ள வேலைகளை வெளிவன்தட்டில் சேமித்துவிட்டு, அதில் மட்டும் விண்டோஸைப் புதிதாக நிறுவினோம். அதற்குப் புதிய இலக்கம் அமைந்ததும் மற்றைய கணினிகளிலிருந்து கோப்புறை திறந்தது. எஞ்சியவற்றை விடுமுறையில் முறையாக மீளமைத்தோம். அன்று மாலையே போதனாசிரியை அம்மாணவியை அழைத்து, "மகள், உங்களில் பிழையில்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அதுவே எனக்கு அந்த வேலையில் பெரிய நிறைவைத் தந்தது. அடையாளம் என்பது உரிமையை மட்டும் குறிப்பதல்ல. பொறுப்பையும் அதுவே குறிக்கிறது. அடையாளங்கள் மயங்கும் இடத்தில் செய்யாத குற்றம் ஒருவர் தலையில் விழுவதும் எளிது.

முறையாகப் பிரதி எடுப்பது எப்படி?

இதற்கான கருவியை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. "சிஸ்பிரெப்" என்ற பெயரில் அது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. செய்முறை வருமாறு:

1. ஒரு கணினியில் விண்டோஸையும் தேவையான மென்பொருள்களையும் நிறுவி, இற்றைப்படுத்தல்களையும் முடித்துக்கொள்ளுங்கள்.

2. சிஸ்பிரெப்பைத் திறந்து "ஜெனரலைஸ்" என்ற தெரிவைக் குறியிட்டு, வேலை முடிந்ததும் கணினி அணையுமாறு அமையுங்கள். இத்தெரிவே அக்கணினிக்கு மட்டும் உரிய அடையாளங்களை நீக்குகிறது. இதைக் குறியிடாவிட்டால் எஸ்.ஐ.டி. அப்படியே இருக்கும்.

3. அணைந்த நிலையிலேயே வன்தட்டைப் பிரதி எடுங்கள். இடையில் ஒருமுறை இயக்கிவிட்டால் அது தனக்கென ஓர் இலக்கத்தை உருவாக்கிக்கொள்ளும். மீண்டும் இரண்டாம் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

4. பிரதி பெற்ற கணினி ஒவ்வொன்றும் முதன்முறை இயங்கும்போது தனக்குரிய எஸ்.ஐ.டி.யைத் தானே உருவாக்கும். அப்போது ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பெயரையும் வழங்கிவிடுங்கள்.

நாற்பது கணினிகளுக்கும் சேர்த்து இதனால் கூடுவது சில நிமிடங்களே. ஏற்கெனவே பிழையாகப் பிரதி எடுத்தாயிற்று எனின், இணையத்தில் கிடைக்கும் "எஸ்.ஐ.டி. மாற்றி" மென்பொருள்களை நாட வேண்டாம். அவற்றை மைக்ரோசொப்ட் ஆதரிப்பதில்லை. பிள்ளைகளின் வேலைகளைச் சேமித்துவிட்டு முறையாக மீளமைப்பதே நிரந்தரத் தீர்வு.

பெற்றோருக்கும் மாணவிகளுக்கும்

வீட்டில் ஒரேயொரு கணினி இருந்தால் இதையிட்டுக் கவலைப்படத் தேவையில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கணினி அங்கில்லை. ஆனால் ஒரே கடையில் இரண்டு மூன்று கணினிகளை வாங்கி வீட்டிலோ சிறு தொழிலிலோ இணைத்துப் பயன்படுத்துவோர், "சிஸ்பிரெப் செய்துதான் பிரதி எடுத்தீர்களா?" என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. தொழிலை அறிந்தவருக்கு இக்கேள்வி உடனே விளங்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் பெற்றோர், ஆய்வுகூடத்துக்குக் கணினிகள் பொருத்தப்படும் வேளையில் இதனையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். பணம் ஏதும் கூடுதலாகத் தேவைப்படாத நிபந்தனை இது.

மாணவிகளே, உங்கள் ஆசிரியையின் அனுமதியுடன் இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அந்தந்தக் கணினியில் உருவாக்கப்பட்ட கணக்கால் உள்நுழைந்து, கட்டளைச் சாளரத்தைத் திறவுங்கள். "ஹூ ஆம் ஐ" என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியின்றி ஒன்றாகத் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, முன்புறம் சாய்ந்த கோட்டையும் அதனுடன் ஒட்டி "யூசர்" என்ற சொல்லையும் எழுதுங்கள். "நான் யார்?" என்று கேட்பதே அக்கட்டளையின் பொருள். திரையில் தோன்றும் நீண்ட இலக்கத்தில் 21 இற்குப் பின்னுள்ள மூன்று எண்களையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்னர் பக்கத்துக் கணினியிலும் அவ்வாறே செய்யுங்கள். எண்கள் வேறாக இருந்தால் உங்கள் ஆய்வுகூடத்தை அமைத்தவர் முறையாக வேலை செய்திருக்கிறார். ஒன்றாக இருந்தால், அடுத்த இற்றைப்படுத்தல் வருவதற்கு முன் அதனை ஆசிரியைக்கு அறியத்தாருங்கள்.